ஆஸ்பத்திரி சுவிட்சின் ஈய முத்திரை

எஞ்சின் டிரைவரின் கையில் ஒட்டும் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவலாம், "உன்னை யார் சுவிட்ச் போடச் சொன்னது?" என்ற கேள்வியை எதைப் போட்டுக் கழுவுவது? அந்தக் கேள்வியை வாங்கியிருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான்.

மூன்று சுவிட்ச்

கம்யூனிஸ்டு கெரில்லாக்களை அடக்க மலாயாவில் போட்ட அவசரகாலத்தில், லாபு பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மின்சார எஞ்சின் ஓட்டினேன். மாலை ஆறு மணிக்கு லயத்து வீட்டு ஜனங்கள் முள்வேலிக்குள் அடைபடுவார்கள். என் பலகையில் மூன்று சுவிட்ச், மூன்றுக்கும் மூன்று பொறுப்பாளிகள். வேலி விளக்கு போலீசுக்கு, பங்களா துரைக்கு, புதிதாகக் கம்பி இழுத்த ஆஸ்பத்திரி லேபர் ஆபீசுக்கு. மின்சார இலாகா சோதிக்கும்வரை தொடக்கூடாதென்று மூன்றாவதற்கு ஈய முத்திரை வைத்திருந்தார்கள்.

ஒருநாள் எஞ்சின் நின்றது. எல்லாரும் என்மேல் பாய்ந்தார்கள். ஆட்களை மேய்க்கும் மண்டோர் சிரித்தார்: "வெளிச்சம் வந்தா அவங்களுது, போனா உங்களுதா அண்ணே?"

சுற்றுப் பயணம்

பால்வெட்டு கருப்பனின் முதல் பிள்ளை அரிக்கேன் வெளிச்சத்தில் பிறந்து தங்கவில்லை. அவன் மனைவி லெட்சுமிக்கு இப்போது மறுபடி மாதம் நெருங்கியது. நான் லாரியேறி, ஆபீசுகள் இருக்கும் சிரம்பான் பட்டணத்துக்கு ஓடினேன். போலீஸ் துணையில்லாமல் தோட்டத்துக்கு வரமாட்டோம் என்றது மின்சார இலாகா. லேபர் ஆபீஸ் எழுதினால் துணை தருவதாகச் சொன்னார் போலீஸ் சார்ஜன். துரை கேட்டால் எழுதுவோம் என்றது லேபர் ஆபீஸ். துரையோ, "மின்சார இலாகாவுக்கு அப்போதே எழுதிவிட்டேனே!" என்றார்.

கருப்பனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "வயித்துல இருக்கிறதுக்கு ஆபீஸ் நேரம் தெரியுமாண்ணே?"

குறடு

அந்த வாரமே, பொழுது சாயும் வேளையில் கருப்பன் எஞ்சின் கொட்டகைக்கு ஓடிவந்தான். ஆஸ்பத்திரியில் லெட்சுமிக்கு வலி முற்றிவிட்டது. கம்பி வெட்டும் குறட்டைக் கையிலெடுத்தேன். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் விசாரணையில்லாமல் உள்ளே போட்ட காலம். உண்மையில், யாராவது "வெட்டு" என்று உத்தரவிடுவார்களா என்றுதான் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. முத்திரையை வெட்டிச் சுவிட்சைப் போட்டேன்!

ஆஸ்பத்திரி ஜன்னல் பளிச்சென்று எரிந்தது. லயமே கூவியது. கால் தரையில் படாமல் ஓடினேன். வாசலிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. பிரசவம் பார்த்த டிரஸர் வியர்வையோடு வெளியே வந்தார்: "கழுத்துல கொடி ரெண்டு சுத்து, டிரைவர்! அரிக்கேன்ல எனக்குத் தெரிஞ்சே இருக்காது!"

யாருடைய குற்றம்

மறுவாரம் மின்சார இன்ஸ்பெக்டர் வந்தே விட்டார், சார்ஜன், லேபர் ஆபீசர், துரை சகிதமாக. முத்திரை அறுந்து கிடந்தது.

"யார் வெட்டியது?"

"நான்தான் சார்."

"குற்றம். போலீஸ் பார்க்கட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேலியைத் தொட்டாத்தான் நம்ம கேஸ் லா," என்று மலாய் பாணியில் இழுத்தார் சார்ஜன். "ஆஸ்பத்திரி லேபர் ஆபீஸ் பொறுப்பு."

"ஆள் தோட்டத்து ஆள்," என்று லேபர் ஆபீசர் துரையைப் பார்த்தார்.

"முத்திரை என்னுடையதில்லையே," என்று துரை இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் கம்பியைத் தடவிப் பார்த்துப் பையை மூடினார்: "கம்பி சரியாத்தான் இருக்கு. எரியட்டும்."

அன்று என்னைக் காப்பாற்றியது நான் செய்த நியாயமா, அல்லது என் குற்றத்தை ஏற்க எந்த இலாகாவும் முன்வராததா என்பது வயது ஐம்பது தாண்டியும் எனக்கு விளங்கவில்லை.