எலி வரக்கூடாத வீடு

நாவற்குடாவில் எங்கள் வீட்டில் இரண்டே பேர். கணவருக்குக் கரடியனாற்று வயல் வட்டையில் வேளாண்மை. எனக்கு ஆய்வுகூடத்தில் வேலை. "இவ எலி வளர்க்கிறா" என்றுதான் அந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

அது சும்மா எலி இல்லை. ஒப்பரேஷனில் வெட்டி எறியப்போகும் மூக்குச் சதையை நோயாளியின் சம்மதத்தோடு வாங்கி, வெள்ளெலியின் முதுகுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கிறோம். அந்த எலிகளுக்குச் சொந்த எதிர்ப்புச் சக்தி கிடையாது. அதனால் அந்நியச் சதையை அவை விரட்டுவதில்லை. சதைக்குள் இருக்கும், நோயை எதிர்க்கும் மனித உயிர்க்கலங்கள் பிழைத்திருந்தால், நெல்தூசிக் கரைசலைச் செலுத்தி அவை என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். நெல் வெட்டும் காலத்தில் இங்கே பலருக்கு மூக்கடைப்பு, இழுப்பு. என் கணவருக்கும்தான். அவருடைய மூக்கில் வெட்டிய சதையும் எங்களிடம்தான் வந்தது. எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. அவரோ தினமும் கேட்பார்.

"என்ட எலி சாப்பிட்டதா?"

"உங்கட எலி எண்டு ஆர் சொன்னது?"

"எனக்குத் தெரியும்கா."

கரைசல் செலுத்தும் நாள் நெருங்கிய நேரத்தில்தான் புதுநெல் மூட்டைகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கின. மறுநாள் காலை அவர் எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு பெருமையாக வந்து நின்றார். உள்ளே பூனைக்குட்டி அளவில் ஓர் எலி.

"கிட்ட வராதீங்க!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீட்டெலியின் கிருமி என் உடுப்போடு போனால் போதும், எங்கள் எலிகளில் ஒன்றும் மிஞ்சாது. மாதக்கணக்கான பாடு வீணாகும். ஆய்வுகூடத்துக்குச் சொன்னேன். வீட்டில் எலி வருவது நின்று சில நாள் கழியும்வரை வரவேண்டாம் என்றார்கள். மூட்டை இருக்கும்வரை எலி வருவது எங்கே நிற்கப்போகிறது?

புதுநெல் சொந்த வீட்டில் இருக்கவேண்டும், அது அவருக்குப் பெரிய காரியம். இருந்தும் அன்று பின்னேரம் முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு, மூச்சு இழுக்க இழுக்க ஒவ்வொரு மூட்டையாக லொறியில் ஏற்றி, குருக்கள்மடத்தில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவரைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மனுஷன் கிடைத்ததே என்று இருந்தது.

எலி வருவது நின்றது. நான் வேலைக்குத் திரும்பினேன். கரைசல் செலுத்தி, பிறகு எலியின் உயிரை வலியில்லாமல் முடித்து, சதையை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தோம். மனிதக் கலங்கள் அதுவரை பிழைத்திருந்தன. தூசி பட்ட இடத்தில் திருவிழாக் கூட்டம்போல் திரண்டிருந்தன. பக்கத்தில் நின்ற சக ஆய்வாளரின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னேன். எலி செத்ததைக் கேட்டதும் அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து மடியில் வைத்தார்.

"அப்ப மருந்து எப்ப வரும்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இது தொடக்கம்தான். உங்கட காலத்தில வருமோ தெரியாது."

"வராட்டி என்னகா? நெல் விதைக்கிறவன் எனக்குப் பிறகும் இருப்பான்தானே" என்றவர், சேற்று மண்வெட்டியைக் கழுவ எழுந்து போனார்.