அப்பா எந்தப் பக்கம்?

பட்டப்பகலில் பேயா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன், ஒரு வார்த்தைகூட ஏற்றிச் சொல்லவில்லை.

பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வது என் தொழில். ஒரு பெண், சாலை விபத்தில் இறந்துபோன தன் கணவருடைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாள். "அவர் குரல் இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு அண்ணே. பொண்ணுக்கு அப்பா குரலே ஞாபகமில்ல. எப்படியாவது எடுத்துக் குடுங்க." நானும் பெண்ணைப் பெற்றவன். மனசு கேட்கவில்லை. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

ஹெட்போனை மாட்டினேன். இடது காதில் வரவேண்டிய சத்தம் வலது காதில் வந்தது. அந்தக் காலத்து சவுண்டு கார்டுகள் சிலவற்றில் இந்தக் கோளாறு உண்டு. இரண்டு ஒயர்களை மாற்றிப் பற்றவைத்தால் தீர்ந்தது. கார்டைக் கழற்றினால், யாரோ ஏற்கெனவே மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். அரைகுறை ஆசாமி போலிருக்கிறது என்று திட்டிக்கொண்டே நானும் மாற்றினேன்.

அப்படியும் இடம் வலமாகத்தான் கேட்டது.

ஹெட்போனையே திருப்பி மாட்டினேன்.

அப்போதும்...

சனியனே என்று விட்டுவிட்டு, இறந்தவரின் குரல் பதிவைத் திறந்தேன். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறார். "பாப்பா... அப்பா எந்தப் பக்கம்?" குரல் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஓடுகிறது. குழந்தை கலகலவென்று சிரிக்கிறது. அவ்வளவுதான் பதிவு. சிடியில் ஏற்றினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"எந்தப் பக்கம்?"

குரல் என் இடது காதோரம். மூச்சுக்காற்று பட்டதோ... வலது கன்னத்தில்.

வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பினேன். யாரும் இல்லை.

வலப்பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினேன்.

டக்... டக்...

இடப்பக்கம். அங்கே வெறும் சுவர்.

"அண்ணே..."

சுவருக்குள்ளிருந்து!

அலறியடித்து எழுந்தேன். அந்தப் பெண் வலப்பக்க வாசலில், கதவில் கை வைத்தபடி நின்றிருந்தாள்.

"என்னண்ணே, இப்படி வேர்த்திருக்கு?"

"இந்தக் கார்டை... யாரும்மா பிரிச்சது?"

"அவர்தான். ஒயரை மாத்தி மாத்திப் பார்த்துட்டு, எரிச்சலோட வெளிய போனார். திரும்பி வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லாரி வலப்பக்கத்துல வந்துச்சாம். விடாம ஹாரன் அடிச்சிருக்காங்க. இவர் இடப்பக்கம் பார்த்துக்கிட்டே, லாரி முன்னாடியே பாஞ்சாராம்."

என் கை தானாகவே என் காதுக்குப் போனது.

"குரல் கெடச்சுதா அண்ணே? பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

சிடியைக் கைக்குள் மறைத்தேன்.

"அழிஞ்சுபோச்சும்மா."

அவள் வாய்விட்டு அழுதாள். வாசலைத் தாண்டி வலப்பக்கமாக நடந்தாள்.

அழுகை... இடப்பக்கமாகப் போய்த் தேய்ந்தது.