மடியில் இருந்த புகையிலை

எழுபதுகளில் எங்கள் கூடலூர்ப் பக்கம் கஞ்சாவைப் பற்றி யாரும் ஒளித்துப் பேசியதில்லை. மலைமேல் விளைந்தது, ஜீப்பில் இறங்கியது, பீடிக்குள் புகுந்தது. தெருவுக்கு நாலு வீட்டில் அதற்கென்று ஓர் ஆள் இருந்தார். எங்கள் வீட்டில் அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

அவர் ஜீப் டிரைவர். ஏலக்காய் பறிக்கிற பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு காலையில் குமுளி மலையேறுவார். அதில் நானும் ஒருத்தி. ஒருநாள் கஞ்சாவை இழுத்துவிட்டு ஓட்டினார். வளைவில் பின்சக்கரம் பள்ளத்தின்மேல் தொங்கியது. கூட வந்த பன்னிரண்டு பொம்பளைகளும் அலறினார்கள். நான் மட்டும் கத்தவில்லை. வாய் நிறையப் புகையிலை, துப்ப இடமில்லை.

ஜீப் முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ அந்த வாடை வந்துச்சு, சாவிய வச்சிட்டுப் போயிரு."

சாவி போனால் மனிதர் புளியமரத்தடிக்குத்தான் போவார். அங்கே விடிந்ததுமே கண் சொருகி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் முந்தின வருஷம்வரை நல்ல கொத்தனார்.

அன்று சாயங்காலமே, "சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார். "நான் கஞ்சாவ விட்டா நீ பொகையிலய விடுவியா? ஒருத்தர் மீறுனா இன்னொருத்தருக்கும் சத்தியம் இல்ல."

எரிகிற சூடத்தை இருவரும் உள்ளங்கையால் அடித்து அணைத்தோம். நானோ 'வீட்டுக்குள்ள மட்டும்' என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். சாமிக்குக் கேட்டிருக்கும். மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. தூக்கம் வராது, சோறு இறங்காது, சும்மா சும்மா எரிந்து விழுவார். "பொறுத்துக்கங்க, நான் விடலையா?" என்று புத்தி சொல்வேன். சொல்லிவிட்டு, தோட்டத்தில் ஏலச்செடிக்குப் பின்னால் நிம்மதியாக மெல்லுவேன்.

வேலை முடிந்தால் எஸ்டேட் வாசலில் மடிச் சோதனை உண்டு. ஏலக்காய் எதுவும் கொண்டுபோகிறோமா என்று கங்காணியின் மனைவி பார்ப்பாள். பதினாறாம் நாள் அவசரத்தில் பொட்டலத்தைச் செடியடியில் ஒளிக்க மறந்துவிட்டேன். அவள் அதை உயரத் தூக்கி, "ஏலக்கா இல்ல ஆத்தா, பொகையில! நீ போ!" என்றாள்.

பத்தடி தள்ளி ஜீப்பில் சாய்ந்தபடி அவர் நின்றிருந்தார்.

"ஏ மதினி, அண்ணே மட்டும்தான் சத்தியம் பண்ணுனாகளா?" என்று சத்தியக் கதை தெரிந்த பொம்பளைகள் சிரித்தார்கள்.

அவர் வண்டியை எடுத்தார். சத்தியத்தை உடைத்தது நான். இனி அவருக்குத் தடையில்லை. கஞ்சாப் பொட்டலம் விற்கிறவன் அன்று சக்கரம் தொங்கிய அந்த வளைவில்தான் நிற்பான். வண்டி அங்கே வேகம் குறைந்தது. அவன் கையை ஆட்டினான். அவர் ஹாரனை நீளமாக அடித்துவிட்டு நிற்காமல் போனார்.

வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் சூடத்தை வைத்தார்.

"அங்கன எறங்குவீகன்னு நெனச்சேன்" என்றேன்.

"எறங்கிருப்பேன். பட்ட பாட்டயெல்லாம் மறுபடி மொதல்லருந்து படணுமேன்னு பயந்துட்டேன். இப்ப நீ படு. இந்தத் தடவ வாய்விட்டுச் சொல்லி அடி."

சொல்லி அடித்தேன். மறுநாளே தலை வெடித்தது. தட்டு, செம்பு எல்லாம் பறந்தன. அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்று, "பொறுத்துக்க புள்ள, நான் விடலையா?" என்றார்.

முகத்தில் அவ்வளவு சந்தோஷம்! கஞ்சா இழுத்த காலத்தில்கூட அந்த முகத்தில் அதை நான் பார்த்ததில்லை.