ரங்கூன் போய்வந்த விலை

பர்மாவில் சண்டை மூண்டு, ரங்கூன் அரிசிக் கப்பல் நின்றுபோன காலம். மட்டக்களப்புச் சந்தையில் ஒரு அரிசிக்கடை முதலாளி இருந்தார். தொந்தி பெருத்தவர், மனசு இளகியவர். விலையை ஏற்றும்போதெல்லாம் "ரங்கூன் கப்பல் வரல்லியே" என்று சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து தோணியில் வந்த கூலிக்காரி ஒருத்தி அரிசியை அள்ளிப் பார்த்தாள்.

"முதலாளி, இது எங்கட வட்டை வயல் நெல்லு. நான்தானே கதிர் வெட்டின! இது எப்ப ரங்கூனுக்குப் போன?"

"நெல்லு போகல்ல புள்ள. விலைதான் போயிட்டு வந்திரிக்கி."

"அப்ப விலைய ரங்கூன்காரனுக்கிட்ட வாங்குங்க. என்ட புள்ளையளுக்கு அரிசியத் தாங்க."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தபடி கொத்தில் அளந்து, மேலே நின்றதை விரலால் வழித்து, விரலில் ஒட்டிய மணியையும் சாக்குக்குள் உதறினார். அவள் நினைத்து வந்ததில் பாதிதான் முந்தானையில் விழுந்தது.

அந்தக் கண்ணீரைப் பொய்யென்று சொல்ல, அன்று கடையில் நின்ற எனக்கு இன்றும் வாய் வரவில்லை. யாருக்காக அழுதார் என்பதுதான் விளங்கவில்லை.