சொந்தக்காரர் இல்லாத பூனை

உள்ளே நுழைந்ததும் கம்ப்யூட்டர் சார் ஒரு பெருமூச்சு விடுவார், அடுத்து, "யாரு கை வச்சது?" என்பார். கணினியைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். குற்றவாளி யாரென்று தெரியாமல் வேலையில் இறங்குவது அவர் தகுதிக்கு இழுக்கு.

அந்தக் கால்நடை மருத்துவமனைக்கு அவர் செய்து கொடுத்தது, ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும் குட்டித் தரவுத்தளம். பிராணிகள் ஓர் அட்டவணையில், சொந்தக்காரர்கள் இன்னொன்றில். இரண்டையும் முடிச்சுப் போடுவது ஓர் எண். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் குழையும். "பச்சப்புள்ள மாதிரிங்க இது. பக்குவமா தொடணும்." அந்தப் பக்குவம் உலகத்தில் யாருக்கு இருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை, முகத்திலேயே எழுதியிருக்கும்.

அன்று வரவேற்பறைப் பெண், ஒரே பெயர் இரண்டிரண்டு முறை வருகிறதே என்று சொந்தக்காரர்களைச் 'சுத்தம்' செய்துவிட்டாள். பாதிப் பிராணிகள் அநாதையாகிவிட்டன. உள்ளே மேசைமேல், நூலை விழுங்கிய ஒரு பூனை. அதை விட்டுவிட்டு வேலைக்குப் போன அம்மாளின் சம்மதம் இல்லாமல் கத்தி வைக்க முடியாது. அந்த அம்மாளின் தொலைபேசி எண் இருந்த இடமோ வெறிச்சோடிக் கிடந்தது.

"பதிவுங்கிறது என்ன, வீட்டுக் குப்பையாம்மா? இஷ்டத்துக்குப் பெருக்கித் தள்ள?" சார் நிதானமாக ஆரம்பித்தார்.

"பிரசங்கத்த அப்புறம் வச்சுக்கலாம்யா!" உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார். "பூனை தாங்காது. நம்பரக் குடுங்க!"

உள்ளதைச் சொல்ல வேண்டும், கைவேலை சுத்தம். முந்தைய நாள் நகலைத் திறந்தார். அழிந்த சொந்தக்காரர்களைப் பழைய எண்களோடே திரும்பக் குடிவைத்தார். பூனைக்கு எஜமானி கிடைத்தாள். "பண்ணுங்க டாக்டர், பண்ணுங்க" என்று போனிலேயே அழுதாள். கட்டுப் போட்ட வயிற்றோடு பூனை கண் திறந்தபோது, ஏதோ தாமே அறுத்துத் தைத்தது போல சார் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் சார், நான் அழிக்கிறப்பவே 'இவங்கள நம்பி ஒரு பூனை இருக்கு, அழிக்காத'ன்னு அது சொல்லாதா?" என்றாள் அந்தப் பெண், மூக்கை உறிஞ்சியபடி.

சொல்லும். அதற்கென்றே ஒரு காவல் உண்டு. நாம்தான் ஒரு வரி தட்டி இயக்கிவிட வேண்டும். தொட்டதற்கெல்லாம் தடுக்கிறதே என்று, அமைக்கும்போது அதை இயக்காமலே விட்டவர் சார்தான்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா," என்றார். பிறகு திரையைத் தம் பக்கம் லேசாகத் திருப்பி, தோளால் மறைத்துக்கொண்டு, ஒரே ஒரு வரி தட்டினார்.