எழுபத்துநாலும் அறுபத்துநாலும்

குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த வாரத்தில் என் மகள் தென்காசிக்கு வந்தாள். விமானக் கம்பெனி ஒன்றில் துணை விமானி. ஒரு விசாரணை முடியும்வரை அவள் பறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வந்து இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் காலையில் அவளையும் என் மனைவியையும் ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். மனைவி பெண்கள் வரிசையில் போய் நின்றாள். மகள் குளிக்கவில்லை. பஜ்ஜிக் கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வேன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று, அதில் கேரளா வண்டி நான்கு.

“என்னட்டி நடந்துச்சு?” என்றேன்.

“எந்த வேகத்துல மூக்கத் தூக்கணும், எஞ்சினுக்கு எவ்வளவு விசை கொடுக்கணும்னு டேப்ளட் கணக்குப் போட்டுச் சொல்லும்பா. எடைத் தாளப் பாத்து விமானத்தோட மொத்த எடையை நாங்க அதுல அடிக்கணும். கேப்டன் தனியா அடிக்கணும், நான் தனியா அடிக்கணும். பொறவு ரெண்டு விடையையும் ஒப்பிடணும்.”

“ஒத்து வந்துச்சா?”

“புள்ளி மாறாம ஒத்து வந்துச்சு.”

“அப்ப என்ன கொறை?”

“தாள்ல எழுபத்துநாலு டன்னு இருந்துச்சு. லேட்டாயிட்டுன்னு கேப்டன் என்கிட்ட எடை எவ்வளவுன்னு கேட்டாவ. நான் அறுபத்துநாலுன்னு வாசிச்சிட்டேன். அவுக தாளப் பாக்காம அதையே அடிச்சாவ. நானும் அதையே அடிச்சேன்.”

பத்து டன் குறைவென்று நம்பிய டேப்ளட் அதற்கேற்ற விசையைத்தான் சொல்லியிருக்கிறது. விமானம் ஓடிக்கொண்டே இருந்ததாம். கேப்டன் கடைசியில் முழு விசையும் கொடுத்திருக்கிறார். ஓடுபாதை முடியும் இடத்து விளக்குகளுக்குக் கொஞ்சம் மேலே எழும்பிப் போயிருக்கிறது. யாருக்கும் ஒன்றுமில்லை.

“உள்ள எத்தனை பேரு?”

“நூத்தி எழுபத்தெட்டு. கைக்குழந்தை ரெண்டு தனி.”

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பொதுத்தேர்வு விடைத்தாள் முகாம்களில் கூட்டலைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வரும். முதலில் கூட்டியவர் போட்ட மொத்தத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் கூட்டுவேன். கண்ணில் பட்டுவிட்டால் மனம் அந்த எண்ணிலேயே போய் நிற்கும். அதனால் அவள் மேலும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பஜ்ஜி ஆறிப்போனது.

“அங்கன பேசுனதெல்லாம் பதிவாகும்லா?”

“ரெண்டு மணி நேரந்தான் நிக்கும். நாங்க அதுக்கு மேல பறந்துட்டோம். அழிஞ்சிட்டு. கேப்டன் போன் பண்ணுனாவ. ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் தாளப் பாத்தோம், ரெண்டு பேருக்கும் கண்ணு தப்பிட்டுன்னு எழுதச் சொல்லுதாவ. அப்படின்னா ஒரு பயிற்சியோட விட்டுருவாங்க. நான் வாசிச்சுக் காட்டுனேன்னு எழுதுனா முறையை மீறுனதா ஆயிரும். வேலையே போனாலும் போயிரும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்.”

மனைவி ஈரத் தலையோடு வந்தாள். வீட்டுக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலையில் மகள் என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள்.

“ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் எனக்கே மாறுதுப்பா. நேத்து உங்ககிட்ட சொன்னத நீங்க எழுதுங்க. நான் எழுதுனதப் பாக்காண்டாம். பொறவு ஒப்பிட்டுப் பாப்போம்.”

“வாத்தியாருக்கே பரீட்சையா?” என்றாள் மனைவி. “காப்பி அடிக்காம எழுதுங்க. பக்கத்துல நான் நிக்கேன்.”

எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. மகள் இரண்டு தாளையும் மேசையில் அடுத்தடுத்து வைத்து, விரலால் வரி வரியாக இறங்கினாள். பாதிக்குக் கீழே விரல் நின்றது.

“இங்கன ஒண்ணு கொறையுது.”

“எது?”

“கேப்டன் கேட்டு நான் சத்தமா வாசிச்சது.”

“விட்டுப்போச்சு.”

“உங்களுக்கா?”

அவள் குரலில் கோபம் இல்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மனைவி அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். மகள் தன்னுடைய தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். என்னுடையதை என்ன செய்தாள் என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

சாரல் ஓய்ந்த பிறகு உத்தரவு வந்தது. இரண்டு பேரும் ஒரு வருடம் பறக்கக் கூடாது. அவள் அதற்குப் பிறகு முதலிலிருந்து பயிற்சி எடுக்க வேண்டும். திரும்பச் சேர்ப்பது அப்போதுதான் முடிவாகும். மனைவி அழுதாள். எனக்கு அழுகையும் வரவில்லை, அவளைத் தேற்றவும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது கேப்டன் கூப்பிட்டார். சென்னைக்காரர். மகளுடைய வலது கை சோற்றில் இருந்ததால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“நான் சொன்ன மாதிரி எழுதியிருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் பறந்துட்டிருப்போம்.”

“ஆமா சார்.”

“பதிவே இல்லையேம்மா. யாருக்குத் தெரியப் போகுது?”

“தப்பா வாசிச்சது நான்தான் சார்.”

“பாக்காம அடிச்சது நான்” என்றார் அவர். போன் அணைந்தது.

மகள் அம்மாவிடம் மோர் கேட்டாள்.