நிற்கிற டிராக்டரில் பத்து நிமிஷம்

வாய்க்கால் மேட்டில் டிராக்டர் தூக்கிப் போட்டதில் எனக்கு இடுப்பு டிஸ்க் விலகியது. நாலு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேன், அது ஆறிவிட்டதாகச் சொன்னது. வலி மட்டும் போகவில்லை. வண்டியை ஆள் வைத்துத்தான் ஓட்டினேன். அவன் ஓட்டினாலும் எனக்கு வலித்தது. தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒருநாள் டிவியில் டிராக்டர் விளம்பரம் வர, சோற்றுத் தட்டோடு தரையில் சாய்ந்துவிட்டேன். மனைவி சேனலை மாற்றினாள். வலி குறைந்தது. அவள் என்னையே பார்த்தாள்.

காஞ்சிபுரத்தில் பிசியோதெரபி பார்க்கும் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கம். மனைவிதான் சொன்னாள், எனக்கு மறதி கூடிப்போனதையும் சேர்த்து. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"வலி நிஜம்தாங்கய்யா. முதுகு ஆறிடுச்சி. ஆனா இத்தன வருஷம் வலிச்சதுல, டிராக்டர்னாலே ஆபத்துன்னு மூளை பழகிக்கிச்சி. கவனமெல்லாம் அதுலயே இருக்கறதாலதான் மறதியும்."

மைத்துனர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே போய் "மாப்ள எங்கப்பா?" என்று நான் கேட்டதற்கு அன்றுதான் காரணம் கிடைத்தது.

தினமும் பத்து நிமிஷம் நிற்கிற டிராக்டரில் உட்கார வேண்டும், ஸ்டார்ட் செய்யக் கூடாது, ஆபத்தில்லை என்று மூளை மெல்லப் பழகும் என்றார்.

மறுநாள் காலை ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வண்டி அசையவில்லை, எனக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் பக்கத்து நிலத்துக்காரர் வந்து நின்றார்.

"இன்னா மாமா, ஸ்டார்ட் ஆவலியா?"

"ஆவும். நான் பண்ணல."

"அப்ப இன்னா பண்ணிக்கினு கீற?"

"உக்காந்துக்கினு கீறேன்."

அவர் போய் ஒரு கேன் டீசல் கொண்டுவந்தார். வேண்டாம் என்றதும் மெக்கானிக்கை அனுப்பினார். மெக்கானிக் பேட்டரி முதல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணுமில்லக்கா. மாமாவ எங்கனா காட்டு" என்றார் என் மனைவியிடம்.

"காட்டிட்டுதான் வந்தோம். அவங்கதான் உக்காரச் சொன்னாங்க" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் என்னிடம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்கள்.

மனைவிக்கு அது பொறுக்கவில்லை. அவளும் டீ டம்ளரோடு மட்கார்டில் ஏறி உட்கார ஆரம்பித்தாள். நிற்கிற வண்டியில் இருவரும் உட்கார்ந்து, செங்கல்பட்டு பஸ் போவதைப் பார்ப்போம். ஐந்தாவது வாரம், அந்த அம்மா சொன்னபடி, எஞ்சினைப் போட்டேன். இடுப்பு சுண்டி இழுத்தது. இறங்கப் போனேன்.

"உக்காரு. அது வெறும் சத்தம்தான். உன் மூளைக்குச் சொல்லு."

"கேக்க மாட்டேங்குது."

"நீ சொன்ன பேச்ச கேக்கறியா? போவப் போவ கேக்கும்."

அறுப்பு முடிந்ததும் ஏரிக்கரை வரை ஓட்டினேன். போகும்போது வலித்தது. திரும்பும்போது ஆடுகள் வழியை அடைத்துக்கொண்டன. மனைவி இறங்கி விரட்ட, நான் ஹாரன் அடித்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். அந்தக் கொஞ்ச தூரம் வலித்ததா என்று அவள் பிறகு கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

இப்போது அரை நாள் ஓட்டுகிறேன். மீதிக்கு ஆள் வைத்திருக்கிறேன்.